ஆறு மாதப் பிள்ளைக்குச் சோறு பழக்குதல்

ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதன் பிறகு பிள்ளைக்குத் தேவையான இரும்புச்சத்தைப் பால் மட்டும் தராது என்பதால், பாலை நிறுத்தாமலே சோறும் கறியும் பழக்க வேண்டும். வயலும் கடலும் அருகிலிருக்கும் மட்டக்களப்பில் இதற்காகப் பெட்டியில் அடைத்த மா வாங்கத் தேவையில்லை என்பது எனது உறுதியான எண்ணம்.

சோற்றைக் குழைய வேகவைத்து, பிளெண்டரில் அடிக்காமல் கரண்டியின் பின்புறத்தால் மசியுங்கள். கரண்டியைச் சரிக்கும்போது வழிந்து ஓடாமல், ஒட்டிநின்று மெல்ல விழுவதே சரியான பதம். தண்ணீராகக் கரைத்த கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர, போதிய சத்தைத் தராது. முதல் நாட்களில் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும்.

அடுத்து பருப்பு, பூசணி, வற்றாளங்கிழங்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். பல வீடுகளில் மீன் கொடுக்கத்தான் தயங்குகிறார்கள். பாரை மீனின் சதைப்பற்றான துண்டை உப்பும் மிளகாய்த்தூளும் இல்லாமல் அவித்து, ஆறியதும் விரல் நுனிகளுக்கிடையே இழை இழையாக உதிர்த்துத் தடவினால், கண்ணுக்குத் தப்பிய முள்ளும் விரலில் படும். ஈரலும் நன்றாக அவித்த முட்டையும் அவ்வாறே நல்லவை.

ஒரு வயதுவரை உப்பு, சீனி வேண்டாம். தேனை நாவில் தொட்டு வைப்பதும் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம்.

பிள்ளை முகத்தைத் திருப்பினால் வற்புறுத்தாமல் அடுத்த வேளை கொடுங்கள். எடை கூடாவிட்டால் தாமதிக்காமல் குடும்பநல மாதிடம் காட்டுங்கள்.