பழைய ஹோண்டா ஜாஸ் கார் வாங்கும் முன் பின்சீட்டைத் தூக்கிப் பாருங்கள்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் சின்னக் காடி (கார்) என்றாலே பெரோடுவா மைவிதான். தப்பில்லை, 2005-லிருந்து வருகிறது, பாகங்கள் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அடிக்கடி சாமான் ஏற்றுபவர்கள் பழைய ஹோண்டா ஜாஸையும் பாருங்கள். பெட்ரோல் டாங்கி முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் பின்சீட்டை அப்படியே மேலே மடக்கிவிடலாம். கோயிலுக்குக் கொண்டுபோகும் பொங்கல் அண்டா நிமிர்ந்தே நிற்கும்!

சரி, மடக்கியதும் தரைக் கம்பளத்துக்கு அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். தோட்டத்துச் செம்மண் வெளியே ஒட்டியிருந்தால் பரவாயில்லை, கம்பளத்துக்கு அடியில் இருக்கக் கூடாது. அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறை தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற காடியாக இருக்கலாம். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலும், ஈர நாற்றத்தை மறைக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்தான்.