செவித்திறன் பரிசோதனையில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போடுவது, குறும்பி அடைத்த காதை அப்படியே பரிசோதிப்பது ஆகியவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. அவை ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். வேலூரில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் நான் பார்க்கும் பிடிவாதமான தவறுகள் வேறு.

ஓஏஇ (உள்காதுப் பரிசோதனை) ‘பாஸ்’ என்றதும் கோப்பை மூடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தாய் மூன்று வயது மகனை அழைத்து வந்தார். பேச்சு வரவில்லை. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து நீட்டினார். கடும் மஞ்சள் காமாலை, ரத்த மாற்று சிகிச்சை, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 12 நாள். கடைசி வரியில் ‘ஓஏஇ: இரு காதும் பாஸ்’.

“தட்டு விழுந்தால் திரும்புகிறான் மேடம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்புவதில்லை” என்றார். ‘இவன் அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்’ என்று பாட்டி சொல்லிச் சொல்லியே காலம் ஓடியிருக்கிறது. ஒலிக்குச் செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின் அலைகளை அளக்கும் பெரா பரிசோதனையை எடுத்தோம். இரண்டு காதிலும் அலைகளே எழவில்லை.

ஓஏஇ கருவி காதுக்குள் சிறிய ஒலியை அனுப்பி, காக்ளியா எனும் உள்காதுச் சுருளின் வெளிப்புற மயிர்ச் செல்கள் திருப்பித் தரும் மெல்லிய ஒலியைப் பிடிக்கிறது. 1978இல் டேவிட் கெம்ப் கண்டறிந்தது அதைத்தான். அதைத் தாண்டி, சுமார் 30,000 இழைகள் கொண்ட செவி நரம்பில் நடப்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. கடும் காமாலையில் பிலிருபின் தாக்குவதோ நரம்பையும் மூளைத்தண்டின் செவி மையங்களையும். மயிர்ச் செல்கள் பெரும்பாலும் தப்பிவிடும். நரம்பிழைகள் சேர்ந்து துடித்தால்தான் மூளைக்குப் பேச்சு பிரிபடும். பறையை ஆளுக்கொரு நேரத்தில் அடித்தால் சத்தம் கேட்கும், தாளம் பிடிபடாது. அந்தப் பையன் கேட்டது அப்படித்தான்.

போன காலத்தை யார் திருப்பித் தருவது? பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளிடம் ஆய்வாளர் அனு சர்மா செய்த ஆய்வுகளில், மூன்றரை வயதுக்குள் காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் பொருத்தும் செவிக் கருவி) பெற்றவர்களின் மூளை அலைகள் சில மாதங்களிலேயே வயதுக்கேற்ற நிலையை எட்டின. 7 வயதுக்குப் பிறகு பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு எட்டவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு மூளைத்தண்டுப் பரிசோதனை, அதாவது பெரா வகைப் பரிசோதனை வேண்டும் என்று குழந்தைகளின் செவித்திறனுக்கான அமெரிக்கக் கூட்டுக் குழு 2007இலேயே சொல்லிவிட்டது. ரத்த மாற்று நடந்திருந்தால் விவாதமே வேண்டாம், பெரா எடுங்கள். முதல் பெராவோடு தீர்ப்பும் எழுதிவிடாதீர்கள். காமாலைக் குழந்தைகள் சிலருக்கு மாதங்கள் போகப் போக அலைகள் தேறிவருவதுண்டு. மறுபடி வரச் சொல்லி, தேதியைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

எல்லோருக்கும் தமிழ்ச் சொல் பட்டியல்

சொற்களை ஒலிக்கவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்லும் பரிசோதனையில் இதைப் பார்க்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வரும் பாட்டிமார் பலருக்கு வீட்டு மொழி உருது. குடியாத்தம் பக்கம் தெலுங்கும் உண்டு. பாதி காதில் விழுந்த சொல்லை மீதி நிரப்பித் தருவது மூளைக்குப் பழகிய மொழி. அது இல்லாத இடத்தில் மதிப்பெண் குறைந்தால் பழியைக் காதின் மேல் போடாதீர்கள். என்ன மொழியில் பேரப்பிள்ளையைக் கொஞ்சுவீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

விசைத்தறியிலிருந்து நேராக வந்தவர்

இன்று பரிசோதனை வேண்டாம். இரைச்சலில் காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும். 14 மணி நேரமாவது இரைச்சலில்லாமல் இருந்துவிட்டு வரட்டும்.

காய்ச்சிய எண்ணெய்

காதில் ஊற்றினார்களா என்று கேளுங்கள். ஊற்றக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

‘ஆடியோகிராம் நார்மல், போய் வாருங்கள்’

பஸ் ஸ்டாண்டில் எதிரில் நிற்பவர் பேசுவது புரியவில்லை என்று சொல்பவரை இப்படி அனுப்பிவிடுகிறார்கள். 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் சுண்டெலிகளை இரைச்சலுக்கு உட்படுத்தினார்கள். கேட்கும் அளவு இரண்டு வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் மயிர்ச் செல்லும் நரம்பும் இணையும் இடங்கள், காக்ளியாவின் சில பகுதிகளில் பாதி வரை அழிந்திருந்தன. மனிதரிடம் இதை உறுதிசெய்ய ஏற்கப்பட்ட பரிசோதனை இன்னும் இல்லை. அமைதியான அறையில் பீப் ஒலியைக் கேட்டுப் பொத்தானை அழுத்துகிறவர் சந்தையிலும் நன்றாகக் கேட்பார் என்று எந்த ஆடியோகிராமும் சொல்வதில்லை. இரைச்சலுக்கு நடுவே பேச்சை ஒலிக்கவிட்டுச் சோதியுங்கள். எங்கே, யார் பேசும்போது புரியவில்லை என்பதை அவர் சொன்னபடியே கோப்பில் எழுதுங்கள்.