தேர்தல் நேரத்து ஃபார்வர்டு: ஓட்டைப் பறிகொடுக்காமல் இருக்க ஒரு செய்முறை

தேர்தல் நெருங்கினால் வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழுவதில் பெரும்பாலானவை வேட்பாளர்களைப் பற்றிய வதந்திகள். எனக்கு அவற்றைவிடப் பயம் தருவது, எப்போது, எங்கே, எப்படி ஓட்டுப் போடுவது என்று தப்பாகச் சொல்லும் செய்திகள். வேட்பாளரைப் பற்றிய பொய்யை நம்பினாலும் ஓட்டு உங்கள் கையில்தான் இருக்கும். தேதியில் ஏமாந்தால் ஓட்டே போய்விடும்.

படி 1: நாலு விவரத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள்

பட்டியலில் உங்கள் பெயர், வாக்குச்சாவடி, தேதியும் நேரமும், கொண்டு போக வேண்டிய அடையாள அட்டை. நாலையும் தேர்தல் நடத்தும் அமைப்பின் தளத்தில் பாருங்கள். தள முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள், யாரோ அனுப்பிய லிங்க் வழியாகப் போகாதீர்கள். பெயர் பார்க்க வந்த இடத்தில் வங்கிக் கணக்கு எண் கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.

“போன தடவை போட்டேனே, பெயர் இருக்கும்” என்று அசட்டையாக இருக்க வேண்டாம். பெயர் சேர்க்க, திருத்தக் கொடுக்கும் கெடு பல நாடுகளில் வாக்குப்பதிவுக்கு முன்பே முடிந்துவிடும்.

படி 2: வந்த செய்தி அந்த நாலில் எதையாவது மாற்றுகிறதா?

மாற்றினால், எழுதி வைத்ததோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, வரிசையில் நிற்க வேண்டாம், எஸ்எம்எஸ் அனுப்பினாலே ஓட்டு என்று ட்விட்டரில் படங்கள் சுற்றின. குறைந்தது 4,900 எண்களிலிருந்து எஸ்எம்எஸ் போனதாக அரசு வழக்கறிஞர்கள் பின்னர் சொன்னார்கள். அப்படி ஓட்டுப் போடும் வசதியே அங்கே கிடையாது.

இதைவிடக் கஷ்டம் பாதி உண்மை. இந்தியாவில் 2019 தேர்தலில் ஒரு ஃபார்வர்டு வந்தது: பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆதாரைக் காட்டி ‘சேலஞ்ச் ஓட்டு’ கேளுங்கள் என்று, சட்டப் பிரிவு எண்ணெல்லாம் போட்டு. பெயர் இல்லையென்றால் ஓட்டு கிடையாது என்பதுதான் அங்கே விதி. உங்கள் பெயரில் வேறு யாரோ முன்பே ஓட்டுப் போட்டிருந்தால் மட்டும், ‘டெண்டர்டு ஓட்டு’ என்று தனியாக ஒரு வாக்குச்சீட்டு தருவார்கள். எண்ணைப் பார்த்ததும் நம்பிவிடுகிறோம், அந்தப் பிரிவில் என்ன இருக்கிறது என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்?

படி 3: படமும் குரலும்

படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். பழைய கலவரப் படம், வேறு நாட்டுப் படம் என்றால் பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும்.

குரலை அப்படித் தேட முடியாது. 2024 ஜனவரியில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, அப்போதைய அதிபர் ஜோ பைடன் குரலில் வாக்காளர்களுக்குத் தானியங்கி அழைப்புகள் போயின. இப்போது போடாதீர்கள், ஓட்டை நவம்பர் அதிபர் தேர்தலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றது குரல். செயற்கை நுண்ணறிவில் செய்தது அது. காதை நம்பிப் பயனில்லை, யார் குரல் என்று ஆராய்வதும் வீண். சொன்ன விஷயம் உங்கள் தாளில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து சாட்களாவது கைமாறி வந்தது. அதற்காகப் பொய் என்று அர்த்தமில்லை. அனுப்பிய உறவினருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது, அவ்வளவுதான்.

படி 4: வாக்குச்சாவடியில்

ஓட்டுப் போடுவதைப் படம் எடுப்பது பல இடங்களில் குற்றம், போனை உள்ளே எடுக்கவே வேண்டாம். சீட்டில் தப்பாகக் குறித்துவிட்டால், பெட்டியில் போடும் முன் அதிகாரியிடம் சொல்லுங்கள், பல நாடுகளில் மாற்றுச் சீட்டு தருவார்கள். பெயர் இல்லை என்றால் பேசாமல் திரும்பாதீர்கள். என்ன வழி என்று பொறுப்பு அதிகாரியிடமே கேளுங்கள். தபால் ஓட்டு என்றால், கெடு அனுப்பும் தேதிக்கா, போய்ச் சேரும் தேதிக்கா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

படி 5: குழுவில் திருத்துவது

பொய்ப் படத்தையே மறுபடி போட்டு “இது உண்மையா?” என்று கேட்காதீர்கள், அதுவும் பரப்புவதுதான். சரியான தகவலை முதல் வரியில் எழுதுங்கள்: “வாக்குப்பதிவு இந்தத் தேதி, இத்தனை மணி வரை.” அப்புறம் அதிகாரபூர்வ பக்கத்தின் லிங்க். அனுப்பியவர் பெரியவர் என்றால் குழுவில் வேண்டாம், தனியாகப் போன் போட்டுச் சொல்லுங்கள். அவரே அழித்துவிடுவார்.