சுகவீன விடுப்புக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தால்: பிரித்தானிய வேலைத்தளத்தில் என்ன செய்வது?

நீண்டகால வருத்தம் ஒன்று இருக்கிறது. அதனால் அடிக்கடி ஓரிரு நாள் லீவு எடுக்கிறீர்கள். "ட்ரிகர் (கம்பனி வைத்திருக்கும் லீவு வரம்பு) தாண்டிவிட்டது, மீட்டிங்குக்கு வாருங்கள்" என்று மேனேஜர் அழைக்கிறார். இது அந்த நிலையில் இருப்பவர்களுக்கானது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பொருந்தும். நீண்டகால வருத்தம் அந்தச் சட்டத்தில் "இயலாமை" (disability) ஆகலாம். வட அயர்லாந்தில் சட்டம் வேறு.

உதாரணத்துக்கு முடக்குவாதத்தை (மூட்டுகள் வீங்கி வலிக்கும் rheumatoid arthritis) எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: இரண்டு தாள்களை வாங்குங்கள்

ஒன்று, கம்பனியின் விடுப்புக் கொள்கை. மற்றது, உங்கள் பெயரில் உள்ள விடுப்புப் பதிவு. எச்ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், பிறகு தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பதிவைத் தராமல் இழுத்தடித்தால், "என்னைப் பற்றிய தரவுகளைத் தாருங்கள்" என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும், கட்டணம் இல்லை.

படி 2: கணக்கை இரண்டாகப் பிரியுங்கள்

பல இடங்களில் பிராட்ஃபோர்ட் ஃபேக்டர் என்ற கணக்கு நடக்கிறது. 52 வாரத்தில் எத்தனை தடவை லீவு எடுத்தீர்களோ அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, வந்த விடையை மொத்த நாட்களால் பெருக்குவார்கள். ஒரே தடவையாகப் 10 நாள் படுத்தவருக்கு 10 புள்ளி. ஒவ்வொரு நாளாகப் 10 தடவை எடுத்தவருக்கு 1,000. விட்டுவிட்டு வரும் வருத்தக்காரரை இது எப்படித் தாக்குகிறது என்று இதிலேயே தெரிகிறது.

6 தடவையில் 9 நாள் என்றால் 6 × 6 × 9 = 324. அதில் 4 தடவை, 6 நாள் முடக்குவாதத்தால் வந்தவை என்றால் மிச்சம் 2 தடவை, 3 நாள்: 2 × 2 × 3 = 12. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். எக்செல் போதும், கொப்பியில் கோடு போட்டாலும் போதும்.

எந்த நாளை எந்தப் பக்கத்தில் போடுவது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. மெதோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரை நோயெதிர்ப்பைக் குறைக்கும். அதனால் சளி நெஞ்சுக்குள் இறங்கி நான்கு நாள் படுத்தால், அதுவும் இயலாமையின் விளைவாக இருக்கலாம். வைத்தியர் அப்படி எழுதித் தந்தால் அந்த நாட்களையும் பிரித்து வையுங்கள்.

படி 3: காரணத்தை எழுத்தில் சொல்லுங்கள்

வழக்குகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். முதல் 7 நாளுக்கு வைத்தியர் சான்று தேவையில்லை, நீங்களே படிவம் நிரப்பலாம். அதில் நம்மவர் பலர் "காய்ச்சல்", "உடம்பு வலி" என்று எழுதிவிடுகிறார்கள். வருத்தத்தின் பெயரைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். ஆனால் சமத்துவச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, இயலாமையின் விளைவாக வந்த ஒன்றுக்காக உங்களைப் பாதகமாக நடத்தக் கூடாது என்கிறது. அதே பிரிவு, "எனக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை" என்று முதலாளி தப்பவும் வழி வைத்திருக்கிறது. "உடம்பு வலி" என்று எழுதிய ஒவ்வொரு படிவமும் அந்த வழியைத் திறந்துவிடுகிறது.

"முடக்குவாதம் கிளம்பியதால் கை மூட்டுகள் வீங்கின" என்று எழுதுங்கள். பழைய படிவங்களைத் திருத்த முடியாது. ஆனால் எந்தத் தேதிகள் இதே வருத்தத்தால் வந்தவை என்று எச்ஆருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம்.

ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) "நான் இயலாமை உள்ளவர் என்று கடிதம் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். அது சட்டம் சார்ந்த கேள்வி. கேட்கவேண்டியவை மூன்று: அன்றாட வேலைகளில் எதெது கஷ்டம், 12 மாதம் நீடித்ததா அல்லது நீடிக்கக்கூடுமா, மருந்தை நிறுத்தினால் எப்படி இருக்கும். மருந்தால் சமாளிப்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. இடையிடையே தணிந்தாலும் திரும்பி வரக்கூடியதென்றால் தொடர்வதாகவே கொள்ளும். புற்றுநோய், எச்ஐவி, மல்டிப்பிள் ஸ்கிலரோசிஸ் மூன்றுக்கும் நோய் கண்டறிந்த நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. கடிதத்துக்கு ஜீபி பணம் கேட்கலாம்.

கம்பனி அனுப்பும் தொழில்சார் வைத்தியர் "இவருக்கு இயலாமை இல்லை" என்று எழுதினாலும் சோரவேண்டாம். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு முதலாளி கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்று 2013இல் கேலப் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

படி 4: எண் சொல்லிக் கேளுங்கள்

அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு நியாயமான மாற்றங்களைச் செய்யும்படி முதலாளிக்குச் சொல்கிறது. விடுப்புக் கொள்கையும் அதற்குள் அடங்கும் என்பது 2015 கிரிஃபித்ஸ் தீர்ப்பு. ஆனால் இயலாமை லீவு எல்லாவற்றையும் கணக்கிலிருந்து நீக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. "எதையும் எண்ணக் கூடாது" என்றால் மறுப்பது சுலபம். "ட்ரிகரை 8 நாளிலிருந்து 14 ஆக்குங்கள்; ஆஸ்பத்திரிச் சந்திப்புகளைத் தனியாகப் பதியுங்கள்; 6 மாதத்தில் மீளப் பார்ப்போம்" என்றால் மறுப்பதற்குக் காரணம் தேடவேண்டி வரும்.

படி 5: நாட்காட்டியில் வட்டம் போடுங்கள்

எச்சரிக்கை வந்தால் கொள்கையில் சொன்ன நாளுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அது நடந்துகொண்டிருந்தாலும் வேலைத் தீர்ப்பாயத்தில் (employment tribunal) வழக்குப் போடுவதற்கான கெடு நிற்காது. கெடு 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு: மார்ச் 10இல் எச்சரிக்கை என்றால் ஜூன் 9க்குள் ஏகாஸுக்கு (Acas, வேலைத்தளப் பிணக்குகளில் சமரசம் பேசும் அமைப்பு) அறிவித்திருக்கவேண்டும். அது இலவசம். பாகுபாட்டு வழக்குக்கு இத்தனை வருட சேவை வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. புரொபேஷனில் இருப்பவரும் போகலாம்.

பிற்சேர்க்கை: "6 மாதமாகிவிட்டதாமே?" என்று கேட்கிறார்கள். 2025ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டம் கெடுவை நீட்ட வழி செய்திருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு என்பதை ஏகாஸ் தளத்தில் பாருங்கள். எதுவானாலும் 3 மாதம் என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள். ஏகாஸ் தரும் சான்றிதழ் இலக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள், தீர்ப்பாயத்தின் ஈடி1 படிவத்தில் அதைக் கேட்பார்கள்.