ராத்திரில கார் போட்டோ: 8 பென்சில் செல், ஒரு எல்இடி ஸ்ட்ரிப், கறுப்பு டீ-ஷர்ட் போதும்

முதல் தடவை லைட் பெயின்டிங் (ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வச்சு, இருட்டுல லைட்டை நகத்தி படம் வரையிறது) ட்ரை பண்ணப்போ மச்சானோட சிவப்பு ஸ்விஃப்ட்டை பெங்களூர் சர்ஜாபூர் பக்கம் ஒரு காலி லேஅவுட்ல நிறுத்தி, டார்ச்ச நேரா கார் மேல அடிச்சு அடிச்சு 40 படம் எடுத்தேன், ஒண்ணு கூட தேறல. கதவுல அங்கங்க வெள்ளைத் திட்டு, பானெட்ல டார்ச் பல்பு அப்படியே தெரியுது, கீழ தரையில வரிசையா வெள்ளை வெள்ளையா ஏதோ, என்னடானு ஜூம் பண்ணா என் ஷூவோட சோல்!

அன்னைக்குப் புரிஞ்ச விஷயம் ஒண்ணுதான். கார் பெயின்ட் ஒரு கண்ணாடி. கண்ணாடி மேல டார்ச் அடிச்சா டார்ச்சுதான் தெரியும். அதனால கார் மேல வெளிச்சம் அடிக்காம, கார் பாடியில எது பிரதிபலிக்கணுமோ அதை வரையணும். நீளமா ஒரு லைட்டு பக்கத்துல போனா பாடியில நீளமா ஒரு கோடு விழும், அவ்ளோதான் மேட்டர்.

சரி, லைட்டை முதல்ல செய்வோம். எஸ்பி ரோடு (பெங்களூர்ல எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) போங்க, ஞாயித்துக்கிழமை வேணாம், நிறைய கடை மூடி இருக்கும். 12 வோல்ட் கூல் ஒயிட் எல்இடி ஸ்ட்ரிப், 8 பென்சில் செல் போடுற ஹோல்டர், ஒரு சுவிட்ச், அப்புறம் வீட்டு ஒயரிங்குக்கு சுவத்துல அடிப்பாங்களே அந்த வெள்ளை பிவிசி கேசிங் பட்டி, இவ்ளோதான் வாங்கணும். ஒரு செல் ஒன்றரை வோல்ட், எட்டு சேந்தா 12, கணக்கு சரியா வந்துருச்சா. ஸ்ட்ரிப்ல மூணு எல்இடிக்கு ஒருக்கா கத்தரிக்கோல் குறி இருக்கும், அங்க மட்டும்தான் வெட்டணும், நடுவுல வெட்டினா அந்த துண்டு எரியாது. நாலு அடி வெட்டி பட்டிக்குள்ள ஒட்டி, ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ் பாத்து ஒயர் குடுத்து, மேல பட்டர் பேப்பர் சுத்திடுங்க. பட்டர் பேப்பர் இல்லேனா புள்ளி புள்ளியா விழும். பட்டியோட முதுகுல கறுப்பு டேப்பு ஒட்டணும், ஏன்னா அந்தப் பக்கம் கேமரா இருக்கும்.

கேமரா எதுவா இருந்தாலும் ஓகே, என்னுது செகண்ட் ஹேண்ட் கேனான், கேமராவோட வர்ற கிட் லென்ஸ்தான். மொபைல்ல ப்ரோ மோடு இருந்து ஷட்டர் 30 செகண்ட் வரைக்கும் போச்சுனா அதுவும் போதும். ட்ரைபாட்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, ஆடுற ட்ரைபாடா இருந்தா கடைசியில எல்லாம் வேஸ்ட்டு.

இடம்: அமாவாசையை ஒட்டி போங்க, எங்கம்மா வாசல்ல நின்னு “அமாவாசை ராத்திரி எங்கடா கிளம்புற”ன்னு கேப்பாங்க, அது தனி கதை. மேகம் இருந்தா பெங்களூர் வானம் ஊர் வெளிச்சத்தை வாங்கி மங்கலா எரியும், அப்ப அமாவாசையும் உதவாது. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் கிடைச்சு லைட்டை அணைக்க விட்டாங்கன்னா அதுதான் சொர்க்கம். ரோட்டோரம் மட்டும் வேணாம், இருட்டுல கறுப்பு ட்ரெஸ்ல நிக்கிறவனை வண்டிக்காரனுக்கு எப்படித் தெரியும்?

காரை துடைச்சுட்டு முன்பக்கம் கொஞ்சம் சாய்வா தெரியிற மாதிரி நிறுத்தி, வீலை லேசா திருப்பி ரிம் கேமராவைப் பாக்கிற மாதிரி வைங்க. கேமரா முட்டி உயரம், லென்ஸ் 35ல இருந்து 50 எம்எம்முக்குள்ள. 18ல வச்சா பானெட் தவளை மாதிரி உப்பிடும். நம்பர் பிளேட் மேல மொபைல் டார்ச் அடிச்சு ஃபோகஸ் பண்ணிட்டு உடனே மேனுவலுக்கு மாத்திடுங்க, இல்லேனா அடுத்த ஷாட்டுல அது இருட்டுல தேடிக்கிட்டே நிக்கும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சாரோட உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு, நம்பர் ஏறினா சின்னதாகும்) 8, ஷட்டர் 30 செகண்ட், ரா ஃபைல் (கேமரா சுருக்காம சேமிக்கிற முழு டேட்டா), 2 செகண்ட் டைமர். ஸ்டெபிலைசேஷன் ஆஃப். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனும் ஆஃப், ஆன்ல இருந்தா ஒவ்வொரு படத்துக்கும் இன்னொரு 30 செகண்ட் சும்மா நிக்கணும்.

லைட்டே இல்லாம ஒரு படம் எடுங்க. கிட்டத்தட்ட கறுப்பா வரணும். கார் ஏற்கனவே தெரிஞ்சா எஃப் 11க்கு போங்க, வெளிச்சம் பாதியாகும்.

இப்பதான் நடக்குற வேலை, கறுப்பு டீ-ஷர்ட், கறுப்பு பேண்ட், ஷூவும் கறுப்பு (நான் பட்டது போதும்). ஒரு ஃப்ரேம்ல ஒரு இடம் மட்டும், எல்லாத்தையும் ஒரே படத்துல முடிக்கணும்னு ஆசைப்படாதீங்க. முதல்ல பக்கவாட்டு. காருக்கு நாலஞ்சு அடி தள்ளி, பட்டியோட முதுகு கேமராவுக்கு, முகம் காருக்கு, டிக்கிலேர்ந்து பானெட் வரைக்கும் ஒரே வேகத்துல நடங்க. பட்டியை படுக்க பிடிச்சா கதவுல மெல்லிசா ஒரு கோடு, நிமித்தி பிடிச்சா கதவு முழுக்க பரவலா ஒரு பூச்சு. ரெண்டையும் தனித்தனியா எடுத்து வைங்க. படுக்க பிடிக்கும்போது கை ஆடுச்சுனா கோடு பாம்பு மாதிரி நெளியும், அதனால பெல்ட் பக்கிள்ல அழுத்தி வச்சுக்கிட்டு முட்டியை மடிச்சு நடப்பேன், பாக்க கேவலமா இருக்கும், கோடு நேரா வரும். நடுவுல நீங்க காரை மறைக்கிறதப் பத்தி கவலைப்படாதீங்க, ஏற்கனவே பதிஞ்ச வெளிச்சத்தை நீங்க மறைச்சாலும் அது அழியாது.

அடுத்து கூரை. காருக்கு அந்தப் பக்கம் போய் பட்டியை தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நடக்கணும். வானத்துல பட்டியே ஒரு கோடா விழும், விழட்டும், அப்புறம் அழிச்சுடலாம். வீலுக்கு சின்ன டார்ச், ஓரத்துலேர்ந்து சாய்வா ரெண்டு செகண்ட். ஹெட்லைட் வேணாம், பார்க் லைட் மட்டும் டக்குனு போட்டு அணைச்சுடுங்க, அதுவே ஜாஸ்தி. வெள்ளைக் கார்னா கோடு அவ்வளவு எடுப்பா தெரியாது, பாடி மொத்தமும் பளிச்சுனு ஆயிடும், வேகமா நடங்க.

டிசம்பர், ஜனவரியில போனா ஒரு பழைய துண்டு எடுத்துட்டு போங்க. நள்ளிரவு தாண்டினா பனி இறங்கி பானெட் மங்கிடும், கோடு பஞ்சு மாதிரி ஆயிடும், லென்ஸும் பூத்துடும்.

வீட்டுக்கு வந்து கிம்ப், காசில்லாத சாஃப்ட்வேர். நல்லா வந்த அஞ்சாறு ரா படத்தை ஜேபெக்கா மாத்தி, லேயர்களா (ஒண்ணு மேல ஒண்ணா) திறந்து, அடியில இருக்கிறதைத் தவிர எல்லாத்துக்கும் மோடை லைட்டன் ஒன்லி ஆக்குங்க. ஒவ்வொரு இடத்துலயும் எந்தப் படம் பிரகாசமோ அது மட்டும் மேல வரும், கார் மொத்தமா எழுந்து நிக்கும். வானத்துக் கோடு, உங்க கால், எது வேணாமோ அந்த லேயர்ல கறுப்பு பிரஷ் தேச்சா போயிடும். ட்ரைபாடைப் பத்தி ஏன் அவ்வளவு சொன்னேன்னு இங்கதான் தெரியும், ஒரு நூல் நகந்திருந்தாலும் எல்லா கோடும் ரெட்டை ரெட்டையா நிக்கும்.

போன வாரம் பேஸ்மென்ட்ல எடுத்துட்டு இருந்தப்போ வாட்ச்மேன் தாத்தா வந்து “ஏன் மாட்தித்தீரா சார்”னு (என்ன பண்றீங்க சார்னு) கன்னடத்துல கேட்டார், படத்தைக் காட்டினதும் அவரோட டிவிஎஸ் எக்ஸ்எல்லையும் எடுக்கச் சொன்னார். சின்ன வண்டி, ஒரே நடையில முடிஞ்சிருச்சு, கார் கிடைக்காதவங்க அதுலேர்ந்தே ஆரம்பிக்கலாம். ஹேண்டில் கண்ணாடில மட்டும் என் மூஞ்சி பட்டியோட தெரியுது, அதை இன்னும் அழிக்கல.