பித்தளை வார்ப்பின் நுண்ணமைப்பைப் படச்செயலாக்கத்தால் அளக்கும் முறை

திருநெல்வேலிப் பக்கம் பழைய பித்தளையை உருக்கிக் குத்துவிளக்கு வார்க்கும் ஒரு பட்டறையில், ஒரு நாள் ஊற்றியது கடைசலில் மென்மையாகவும் மறுநாள் ஊற்றியது முரடாகவும் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது, செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைக்குள் ஆல்ஃபா, பீட்டா என்று அழைக்கப்படும் இரண்டு வகைப் படிகப் பகுதிகளின் விகிதத்தைத்தான். துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதிக்கும். உலையில் நெடுநேரம் கிடக்கும் பித்தளை அதை வெண்புகையாக இழப்பதால், கடினமான பீட்டா குறைந்து மென்மையான ஆல்ஃபா கூடிவிடுகிறது. இந்த மாற்றத்தை எண்ணாகச் சொல்லப் படச்செயலாக்கம், அதாவது நுண்ணோக்கிப் படத்தைக் கணினியால் பிரித்து அளப்பது, உதவும். ஆனால் கணினிக்குக் கொடுக்கும் படம் நேர்மையானதாக இருக்க வேண்டும்; உழைப்பில் பெரும்பங்கு அதற்கே செல்லும்.

விளக்குத் தண்டின் ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் தனித்தனியே துண்டு எடுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் குளிர்வதில்லை. (ஆதிச்சநல்லூர் போன்ற இடங்களில் கிடைக்கும் தொல்பொருள் எதையும் இதற்காக வெட்டக் கூடாது.) எமரித் தாளில் படிப்படியாகத் தேய்த்து, அலுமினாத் தூளால் கண்ணாடிபோல் மெருகேற்றுங்கள். மிஞ்சிய கீறல் ஒவ்வொன்றையும் கணினி உலோகத்தின் அமைப்பாகவே எண்ணும்.

எட்சிங் (அமிலக் கரைசலால் பரப்பை லேசாக அரித்து உள்ளமைப்பைத் தெரியச்செய்வது) செய்யும் முன்பே நுண்ணோக்கியில் ஒரு சுற்றுப் படம் எடுத்துவிடுவது மிக முக்கியம். பழைய குழாய்த் திருகுகள் கலந்த உலோகத்தில் பெரும்பாலும் ஈயம் இருக்கும். அது பித்தளையில் கரையாமல் சிறு கரும்புள்ளிகளாகத் தங்கும். எட்சிங்குக்குப் பிறகு பீட்டாவும் கருமையாகிவிடுவதால், ஈயமும் துளைகளும் பீட்டாவின் கணக்கில் சேர்ந்து விகிதத்தை உயர்த்திக் காட்டும். முன்கூட்டி எடுத்த படத்தில் அவற்றை மட்டும் அளந்து வைத்துக்கொண்டால் பின்னர் கழித்துவிடலாம்.

அடுத்து, 100 மி.லி. நீரில் 50 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 5 கிராம் ஃபெரிக் குளோரைடும் கலந்த கரைசலைப் பஞ்சால் சில நொடிகள் தடவி, கழுவி, ஆல்கஹாலில் நனைத்து உலர்த்துங்கள். கையுறையும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் கட்டாயம். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். பரப்பு விரைவில் மங்கும் என்பதால் உடனே படமெடுங்கள். 200 மடங்குப் பெருக்கத்தில், நுண்ணோக்கியின் மேடையைச் சம இடைவெளியில் நகர்த்தி, வருகிற இடத்தையே எடுங்கள். அழகாகத் தெரியும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் சராசரி பொய்யாகும். அளவுகோல் பொறித்த கண்ணாடித் தகட்டையும் அதே லென்ஸில் எடுத்து, ஒரு பிக்சல் எத்தனை மைக்ரோமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். கோப்பு, விவரம் இழக்காமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் நுண்விவரத்தை இழந்திருக்கும்.

1997-இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் உருவான இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். படத்தை 8 பிட் சாம்பல் நிறத்துக்கு மாற்றி, விளக்கொளி சீராக விழாத குறையைச் சரிசெய்ய, அதே ஒளியில் எடுத்த வெற்றுப் பரப்பின் படத்தால் வகுங்கள். பிறகு த்ரெஷோல்டு, அதாவது எந்தச் சாம்பல் அளவுக்குக் கீழே இருப்பதைக் கருமைப் பகுதியாகக் கொள்வது என்ற எல்லைக்கோடு. அந்தக் கோட்டைத் தானாகவே தேர்ந்தெடுக்கும் ஓட்சு முறை இரண்டு நிறக்கூட்டங்கள் இருக்கும் படத்துக்கே ஏற்றது. ஆல்ஃபா, பீட்டா, ஈயம் என்று மூன்று இருக்கும் படத்தில் அது கோட்டைத் தவறான இடத்தில் கிழிக்கக்கூடும். ஆகவே அது பிரித்த பகுதிகளை மூலப் படத்தின்மேல் வண்ணமாகப் பதித்து, எல்லைகள் பொருந்துகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். பொருந்தும் அளவு கிடைத்ததும் ஒரே தொகுதியின் எல்லாப் படங்களுக்கும் அதையே வையுங்கள். படத்தில் பீட்டா பிடிக்கும் பரப்பு விகிதமே உலோகத்தில் அதன் கன அளவு விகிதம் என்பது 1847-இலேயே பிரெஞ்சுப் புவியியலாளர் டெலெஸ் காட்டிய உண்மை.

ஆல்ஃபா மட்டுமே கொண்ட, சூடேற்றிப் பதப்படுத்திய பித்தளைத் தகட்டில் படிகத் துகளின் அளவு தேவைப்பட்டால், மென்பொருளை அப்படியே நம்ப வேண்டாம். அங்கே துகளுக்குள் இணைகோடுகளாக ஓடும் இரட்டைப் படிகங்களின் எல்லைகளையும் அது துகள் எல்லையாக எண்ணி, அளவைச் சிறிதாக்கிவிடும். துகள் அளவை அளப்பதற்கான ஏஎஸ்டிஎம் ஈ112 (ASTM E112) தரநிலை அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. படத்தின்மேல் நேர்கோடுகள் வரைந்து வெட்டுப்புள்ளிகளைக் கையால் எண்ணுவதே இங்கு நம்பத்தக்கது.

கிடைத்த சராசரியோடு படங்களின் எண்ணிக்கை, மதிப்புகளின் பரவல், பெருக்கம், த்ரெஷோல்டு எண் ஆகியவற்றையும் எழுதி, பட்டறையில் உலோகம் உலையில் கிடந்த நேரத்தோடு சேர்த்து வையுங்கள்.