கன்றுக்கு முன் தண்ணீர்: வடிந்துபோன சதுப்புக் காட்டை மீட்பது எப்படி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா போன்ற செம்பனைத் தோட்டப் பட்டணங்களை ஒட்டிய காம்புட் நிலத்தில் (மக்கிய செடிகொடிகள் சேர்ந்த சதுப்பு மண்ணில்) மரம் நடக் கிளம்புகிறவர்கள் முதலில் நர்சரிக்குத்தான் போகிறார்கள். ஆனால் பாரிட்டை, அதாவது வடிகால் வாய்க்காலை, போய்ப் பார்ப்பதுதான் முதல் வேலை. நிலத்தை வடிக்க வெட்டிய வாய்க்கால் திறந்திருக்கும்வரை காம்புட் காயும், அமிழும். தீப்பிடித்தால் மண்ணுக்கடியிலேயே புகைந்துகொண்டிருக்கும். அங்கே நட்ட கன்று வெயில் காலத்தைத் தாண்டுவது கடினம். பக்கத்து ராஜா மூசா வனக்காப்பகத்தில் 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்வைரன்மென்ட் சென்டர் என்ற தொண்டு அமைப்பும் ஊர்மக்களும் சேர்ந்து செய்துவரும் மீட்பு வேலைக்கும் வாய்க்கால் அடைப்புதான் அடிப்படை.

வனக்காப்பகத்துக்குள் வேலை என்றால் மாநில வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். பக்கத்து எஸ்டேட் நிர்வாகியிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். காம்புட்டில் செம்பனைக்கு நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 முதல் 60 செ.மீ. வரை நிற்க வேண்டும். காட்டுக்கோ தரையை ஒட்டி நிற்க வேண்டும். ஆகவே எல்லைப் பாரிட்டைத் தொடாமல் உள்ளே ஓடுவதை மட்டும் அடையுங்கள்.

அடைப்பதற்கு முன் குறைந்தது மூன்று மாதம் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். 2 அங்குல பிவிசி குழாயில் சுற்றிலும் துளையிட்டு, மெல்லிய வலைத்துணி சுற்றி, அடிமுனையை மூடி மண்ணில் இறக்குங்கள். மேலே 30 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். பாரிட்டுக்குக் குறுக்காக 5, 20, 50, 100 மீட்டர் தூரத்தில் ஒவ்வொன்று போதும். வாரந்தோறும் ஒரே கிழமை காலையில், குழாய் வாயிலிருந்து தண்ணீர்வரை அளந்து, வாயிலிருந்து தரைவரை உள்ள உயரத்தைக் கழியுங்கள். காம்புட் மிதித்தால் அமுங்கும், அளவும் தவறும். பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். மழைமானி ஒன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் நீர் ஏறியது அடைப்பாலா மழையாலா என்று பிரிக்க முடியாது.

ஓர் அடைப்பின் இரு பக்கமும் நீர்மட்ட வித்தியாசம் 20 முதல் 30 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஒரு கிலோமீட்டரில் ஒரு மீட்டர் சரிவு இருந்தால் நான்கு அடைப்பாவது தேவை. செலவு மிச்சம் என்று ஒரே பெரிய அடைப்புப் போட்டால் நீரழுத்தம் அடியில் துளைத்துக்கொண்டு போய்விடும். இரண்டு வரிசைக் கழிகளை 1.5 மீட்டர் இடைவெளியில் அடித்து, உள்பக்கம் ஜியோடெக்ஸ்டைல் (மண்ணைத் தடுத்து நிறுத்தும் செயற்கைத் துணி) விரித்து, நடுவில் ஈரக் காம்புட் மூட்டைகளை மிதித்து நிரப்புங்கள். மணல் மூட்டை வேண்டாம். அந்தக் கனத்தை காம்புட் தாங்காது, அடைப்பு அமிழும். இரு கரைக்குள்ளும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் அடைப்பை நீட்டுங்கள். பெரும்பாலும் கரை அரித்துப் பக்கவாட்டில் நீர் ஒழுகித்தான் அடைப்பு கெடும். நடுவில் கரையைவிட 20 செ.மீ. தாழ்வாக வழிவாய் விட்டு, நீர் விழும் இடத்தில் கழிகளைப் பரப்புங்கள். பெருமழை பெய்த மறுநாள் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

இதெல்லாம் நிலைத்த பிறகு நடவு. வெட்டவெளியில் மஹாங், தெங்கேக் புரோங் போன்ற வெயில் தாங்கும் மரங்கள் முதலில். ராமின் நிழல் கேட்கும். அதை மஹாங் குடைபிடித்த பிறகு வையுங்கள். வெள்ள மட்டத்துக்கு மேலே தலை நிற்கும் உயரம் கன்றுக்கு இருக்க வேண்டும். நடுவதற்கு முன் சில வாரம் பைகளைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திப் பழக்குங்கள். நீர் தேங்கும் இடத்தில் 30 செ.மீ. மேடு கட்டி, கழி ஊன்றி, இடைவெளி 3 மீட்டர் விட்டு நடுங்கள். முதல் இரண்டு ஆண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில் லாலாங் புல்லையும் கொடியையும் வெட்டுங்கள். வட்டத்துக்கு வெளியே உள்ள பெரணியை விட்டுவிடுங்கள், மண் காயாது. களைக்கொல்லியும் நெருப்பும் கூடவே கூடாது.

தோட்டத்தாரும் பள்ளியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதை ஆய்வாகச் செய்தால், பலன் பாத்திகளில்தான் தெரியும். 20க்கு 20 மீட்டரில் மூன்று வகைப் பாத்திகள்: நட்டது, களை மட்டும் எடுத்தது, தொடாதது. ஒவ்வொன்றிலும் மூன்று வேண்டும். ஒன்றே ஒன்று என்றால், தெரிவது முறையின் பலனா மண்ணின் குணமா என்று சொல்ல முடியாது. நட்ட பாத்தியில் 49 கன்று அடங்கும். எல்லாவற்றுக்கும் எண் தகடு கட்டி 1, 3, 6, 12ஆம் மாதங்களில் எண்ணுங்கள். செத்தவற்றுக்கு நீர், வறட்சி, மாடு, பன்றி, கொடி, தெரியவில்லை என்று காரணம் எழுதுங்கள். தோட்டத்தார், பள்ளி மாணவர், பல்கலைக்கழகத்தார் எல்லாரும் ஒரே படிவத்தில் எழுதி, ஒவ்வொருவரும் ஒரு பிரதி வைத்திருக்கட்டும். தண்ணீர் திரும்பி, தீயும் நின்றால், பறவை போட்ட விதையிலிருந்து மஹாங் தானே முளைத்து வரலாம். தொடாத பாத்தியிலும் கன்று நெருக்கமாக நின்றால், அடுத்த ஆண்டுக் கன்றுப் பணத்தை அடைப்புகளைப் பழுதுபார்க்கச் செலவிடுங்கள்.